மாடத்தில் ஒட்டாத தாள்

அறுபத்தோராவது நடையில் கிகுயேவின் கால்கள் மரத்துப்போயின. அதுவே நல்லது. முதல் இருபது நடைக்குப் பனியும் கூழாங்கல்லும் சேர்ந்து உள்ளங்காலைக் கடிக்கும். நாற்பதுக்கு மேல் எரியும். அறுபதைத் தாண்டிவிட்டால் கால் யாருடையதோ ஆகிவிடும், எண்ணிக்கை மட்டும் மிஞ்சும். கோயிலின் தோரி வாசலுக்கு உள்ளே நிற்கும் எண்ணுகல்லிலிருந்து சன்னதிப் படி வரைக்கும் வெறுங்காலோடு போக வேண்டும், கும்பிட வேண்டும், திரும்பி வந்து கையிலிருக்கும் வைக்கோல் முடிச்சில் ஒன்றைக் கல்லின்மேல் போட வேண்டும். ஆளுக்கு நூறு முடிச்சு. பதினோரு பெண்கள். ஹோயே மாரு படகில் போன பதினோரு ஆண்களுக்கு, ஆளுக்கு ஒருத்தி.

படகு வருஷம் பிறந்த நாலாம் தேதி கிளம்பியது. எட்டாம் தேதி திரும்பியிருக்க வேண்டும். ஏழாம் தேதி வாடைக்காற்று பிடித்தது. பிடித்ததென்றால் சாதாரணமாக இல்லை. அலைநுரை பஞ்சு பஞ்சாகப் பறந்து வந்து இசோமி ஊரின் கூரைகளில் ஒட்டிக்கொண்டது. ஒன்பதாம் தேதி காலையிலிருந்து பெண்கள் நூறு நடை நடக்கிறார்கள். இன்றைக்குப் பதின்மூன்று.

சன்னதிப் படியில் நின்று கும்பிடுகிறவர்கள் எல்லோரும் ஒரு தரம் அண்ணாந்து பார்ப்பார்கள். கிகுயே பார்க்க மாட்டாள். மேலே தொங்குவது அவள் திரித்த பிரி.

ஆள் தொடை கனத்துக்கு வைக்கோல் பிரி. அதில் மின்னல் மாதிரி மடித்த நாலு வெள்ளைக் காகிதம். வருஷக் கடைசியில் பழையதை இறக்கிப் புதுசு ஏற்ற வேண்டும். இந்த வருஷம் கிகுயே வீட்டு முறை. ஆண்கள் திரிப்பதுதான் வழக்கம். ஆனால் அவள் புருஷன் தோகுஜிக்கு டிசம்பரில் உள்ளங்கையில் தூண்டில் முள் ஏறிக் கிழித்துவிட்டது. அந்த வீட்டில் வேறு ஆண் இல்லை. கிகுயே உள்மலையில் கரிமூட்டம் போடும் ஊரில் பிறந்தவள். கரி மூட்டை கட்டப் பிரி திரித்துக் கை பழகியவள். மூட்டைக்கும் படகுக்கும் திரிப்பது வலம்புரி. சாமிக்கு உரியது இடம்புரி. அதையும் அவளுக்கு அக்கா தமே சொல்லிக்கொடுத்திருந்தாள். அம்மா போன பிறகு அவளை வளர்த்தவள் அக்காதான். பூசாரி உசுய் சரி என்று தலையாட்டிவிட்டார். படகுத் தலைவர் பெண்டாட்டி தகெனோ மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இருபத்தாறும் இருபத்தேழும் இரண்டு நாள் கிகுயே உட்கார்ந்து திரித்தாள். பிரி கச்சிதமாக வந்தது. ஏற்றும்போது தகெனோவே "பாக்க நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

படகு போன மறுநாள், ஐந்தாம் தேதி, கடிதம் வந்தது. மலைப் பாதையில் பனி மூடி ரயில் நின்றுபோய்ப் பன்னிரண்டு நாள் கழித்து வந்த கடிதம். அத்தான் எழுதியிருந்தார். தமே இருபத்துநாலாம் தேதி இறந்துவிட்டாள். மார்ச்சளி. இரண்டு நாள் உன்னைக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

கிகுயே அதை இரண்டு முறை படித்தாள். முதல் முறை அக்காவைப் பற்றிப் படித்தாள். இரண்டாம் முறை தேதியை மட்டும் படித்தாள். அக்கா செத்து இரண்டு நாள் கழித்து நாம் பிரி திரித்திருக்கிறோம். துட்டி வீட்டுக்காரியின் கை பட்ட பிரி. அதற்குக் கீழே குனிந்துதான் தோகுஜியோடு சேர்த்துப் பதினோரு ஆண்களும் சாமியிடம் உத்தரவு வாங்கிப் படகேறினார்கள்.

சொல்லியிருக்கலாம். துட்டி வீட்டு வழக்கப்படி மாடத்தில் இருக்கும் சாமியை வெள்ளைத் தாள் ஒட்டி மறைத்துவிட்டு, இருபது நாள் தோரிக்கு உள்ளே போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் தாளை ஒட்டினால் அடுத்த நிமிஷம் தகெனோ வந்து "யாரு, என்னைக்கு?" என்று கேட்பாள். என்றைக்கு என்று சொன்னால் பிரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். படகு எட்டாம் தேதி வந்துவிடும், வந்த பிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று கிகுயே கடிதத்தைப் பார்லிப் பானைக்குள் அமுக்கி வைத்தாள். எட்டாம் தேதி படகு வரவில்லை. அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது?

எல்லோருக்கும் முன்னால் வந்து எல்லோருக்கும் பின்னால் போகிறவளாக அவள் நூறு நடை நடந்தாள். நடக்க நடக்கப் பயம் குறையவில்லை.

*

கோயிலுக்கு மிக அருகில் இருக்கும் வீடு கிகுயே வீடு. நடை முடிந்ததும் பெண்கள் அங்கே வந்து கணப்பைச் சுற்றி உட்கார்ந்து கால் காய்ச்சுவார்கள். தோகுஜியின் அக்கா தொயோ, புருஷன் செத்துத் தம்பி வீட்டோடு இருப்பவள், டீ கலந்து வைத்திருப்பாள். தொயோவுக்கு முழங்கால் மடங்காது. நடக்க முடியாததற்கெல்லாம் சேர்த்து வாய் நடக்கும்.

"ஏட்டி சாகி, காலத் தூக்கித் தீக்குள்ளயே வச்சிராத. கருவாட்டு வாசம் வருது," என்றாள் தொயோ.

சாகி போன செப்டம்பரில்தான் கல்யாணமாகி வந்தவள். ஓரத்தில் கதவுப் பக்கம் உட்கார்ந்து டீக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். "எங்க ஊர்ல அந்தக் காகித மடிப்பு மின்னலுன்னு சொல்லுவாங்க. மின்னல் விழுந்த வயல்ல நெல்லு நல்லா வெளையுமாம். இங்க கடலுக்கு என்னத்துக்கு மின்னல்?"

"வாயக் கழுவு. மின்னலு மின்னலுன்னு," என்றாள் தகெனோ. ஐந்து நாளாக அவள் தலை வாரவில்லை. புருஷன், மகன், இருவரும் படகில். "அது சாமியோட கை. வா வான்னு கூப்பிடுத கை."

"எங்கம்மா துடைக்கிற துணின்னு சொல்லும்," என்றாள் இன்னொருத்தி. "நம்ம மேல ஒட்டிக்கிடக்க அழுக்க வாங்கிக்கிடும்."

அழுக்கு என்றதும் கிகுயே குனிந்து தீயைக் கிளறினாள். வாங்கிக்கொள்ளும் காகிதமே அழுக்கான பிரியில் தொங்கினால்?

"கிகுயே, உங்க அக்கா இந்த வருசம் காளான் அனுப்பலையா?" என்று தகெனோ கேட்டாள். "வருசம் பொறந்தா மூட்ட வந்திருமே."

"பாத... பாத மூடிக்கிடக்குல்ல."

"நீ உப்புக் கானாங்கெளுத்தி போட்டு வச்சிருக்கியே, அனுப்பலையா?"

"பாத தொறந்ததும் அனுப்பணும்."

கூரைச் சரிவுக்குக் கீழே அந்த மீன் தொட்டி கல் வைத்து மூடியபடி இருந்தது. நவம்பரில் அக்கா எழுதியிருந்தாள்: கடல் மீன் தின்று வருஷம் ஒன்றாயிற்று, அனுப்புடி.

தொயோ முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "எல்லாரும் இருங்க. கஞ்சி காய்ச்சித் தாரேன். வெறும் டீ வயித்துக்கு ஆகாது." நேராகப் பார்லிப் பானைக்குப் போய் மூடியைத் தூக்கினாள்.

"மதினி, நான் எடுக்கேன்!" கிகுயே பாய்ந்து போனதில் இரண்டு கோப்பை உருண்டது.

"என்னட்டி, பானைக்குள்ள பாம்பா இருக்கு?"

"உங்களுக்குக் குனிய முடியாதுல்ல, அதான்."

"அஞ்சு வருசமா நாந்தான குனியுதேன்." தொயோ அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு படியை அவள் கையில் கொடுத்தாள். கிகுயே மேலாக அள்ளினாள். காகித முனை ஒன்று விரலில் பட்டது. மேலே தானியத்தைத் தள்ளி மூடினாள்.

போன வருஷம் தோஃபுக்காரர் வீட்டில் துட்டி விழுந்தபோது, அந்த வீட்டு அடுப்பில் பற்றவைத்த சுருட்டை ஒருவன் வாயில் வைத்துக்கொண்டு இந்த வாசலுக்கு வந்தான். அவனைத் தொயோ தெருமுனை வரைக்கும் விரட்டினாள். தீட்டு தீ வழியாக வரும் என்பது அவள் கட்சி. ஊர்க் கட்சியும் அதுதான்.

கிகுயே நிமிர்ந்தபோது சாகி கதவு இடுக்கு வழியாகக் கோப்பை டீயைச் சத்தமில்லாமல் வெளியே பனியில் ஊற்றிக்கொண்டிருந்தாள். இருவர் கண்ணும் பட்டுக்கொண்டன. சாகி முகம் வெளுத்தது. நம் வீட்டு டீ பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்ததோடு கிகுயே அதை மறந்தாள்.

கஞ்சி கொதிக்கும் முன்னே கூட்டுறவு ஆபீஸ் எழுத்தர் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. கையில் ஒரு மரப்பலகை. இரைப்பெட்டியின் மூடி. நடுவில் வட்டம், வட்டத்துக்குள் 'ஹோ', ஹோயே மாருவின் அடையாளம்.

"வடக்குக் கல்லுல ஒதுங்கிக் கெடந்துச்சு," என்றார்.

தகெனோ எழுந்து போய் வாங்கினாள். திருப்பிப் பார்த்தாள். சட்டைக் கையால் துடைத்தாள்.

"மூடிதான," என்றாள். "காத்துல மூடி பறக்கும். படகு பறக்காது." "எல்லாரும் இன்னைக்கு ரெண்டாவது தடவையும் நடக்கணும். மூணு மணிக்கு வந்திருங்க. ஒருத்தியும் பாக்கியில்லாம வந்திருங்க."

*

உசுய் பூசாரி கோயில் படிக்குக் கீழே உப்புக்கடை வைத்திருந்தார். உப்பும் புகையிலையும் தீப்பெட்டியும் விற்பார். அவருடைய இளைய மகன்தான் ஹோயே மாருவின் இஞ்சின்காரன். கிகுயே போனபோது தராசை வைத்துக்கொண்டு உப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். வாங்க ஆள் இல்லை. நிறுத்ததைக் கொட்டி மறுபடியும் நிறுத்தார்.

கிகுயே மண்ணில் மண்டியிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, "அந்தப் பிரிய இறக்கிருங்க சாமி. அறுத்து எறிஞ்சிருங்க. என்னால பதினோரு பேரு..." என்று தலையைத் தரையில் முட்டினாள்.

"நீ ஆறாவது ஆளு," என்றார் உசுய்.

அவளுக்குப் புரியவில்லை.

"எந்திரி. இந்த அஞ்சு நாள்ல அஞ்சு பேரு வந்தாச்சு, எல்லாரும் இதே எடத்துல முட்டிக்கிட்டுப் போனாங்க. ஒருத்தி அவுக கெளம்புத அன்னைக்கு நங்கூரக் கயித்தத் தாண்டிட்டாளாம். ஒருத்தி சண்டையில 'போயித் தொலை'ன்னு சொல்லிட்டாளாம். ஒருத்தி கும்பிட்டுட்டு வந்து குடுத்த டீயத் தெனமும் பனியில ஊத்துனாளாம், கொமட்டுதுன்னு. அதான் படகு வரலையாம்." தராசைக் கீழே வைத்தார். "ஏழாவது நானு. நாலு காகிதத்துல ஒண்ணு மடிப்புக் கொறையா வெட்டிட்டேன். கண்ணு தெரியல. ஏத்துன பெறகுதான் பாத்தேன். யாருக்குத் தெரியப் போகுதுன்னு விட்டுட்டேன்."

அவர் கண்ணும் சரியாகத் தூங்காத கண்தான் என்று கிகுயே அப்போதுதான் பார்த்தாள். அவளுக்கு ஆறுதல் வரவில்லை. பூசாரியே பயந்து கிடக்கிறார் என்றால் நாம் யாரிடம் போவது என்று பயம் இன்னும் கூடியது.

"பிரி திரிக்கும்போது உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"கடுதாசி என்னைக்கு வந்துச்சு?"

"அஞ்சாம் தேதி. படகு போன மறுநாளு."

"அப்ப பிரிக்கு ஒண்ணுமில்ல. தீட்டு செத்த நாள்ல இருந்து இல்ல, கேட்ட நாள்ல இருந்துதான். எங்க அப்பா காலத்துல இருந்து அப்படித்தான். தெரியாத கை சுத்தமான கை."

கிகுயேவுக்கு நெஞ்சு விரிந்தது. ஒரு மூச்சு இழுத்தாள். அந்த மூச்சு வெளியே வருவதற்குள் உசுய் அவளை உற்றுப் பார்த்தார்.

"ஆனா அஞ்சாம் தேதி கேட்டுட்டு, ஒம்பதாம் தேதியில இருந்து தோரிக்குள்ள நடந்திருக்க."

அவர் விரல்களை மடக்கி எண்ணினார்.

"அஞ்சு நாளு. தெனம் நூறு."

எதை நினைத்துப் பயந்தாளோ அது குற்றமே இல்லை. அந்தப் பயத்தைத் தீர்க்க எதைச் செய்தாளோ அதுதான் குற்றம். கிகுயே தன் கால்களைப் பார்த்தாள். பாதம் வீங்கிச் சிவந்து கிடந்தது. ஐநூறு தடவை. ஒவ்வொரு தடவையும் 'அவுகளக் கொண்டாந்து சேத்திரு' என்று சொல்லிக்கொண்டே.

"இப்ப நான் என்ன செய்யணும்?"

"தோரிக்குள்ள போகாத. மாடத்துல தாள ஒட்டு." அவர் காகிதம் வெட்டும் கட்டிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவிக் கொடுத்தார். "நீ ஒட்டக் கூடாது. உன் அடுப்புல பொங்கித் தின்ன யாரும் ஒட்டக் கூடாது. வெளியாளு ஒருத்தரக் கூப்பிட்டு ஒட்டச் சொல்லு."

"அப்ப சொல்லித்தான் ஆகணும்."

"சொல்லித்தான் ஆகணும்." அவர் மறுபடி தராசை எடுத்தார். பிறகு, கேட்க வேண்டும் என்று இல்லாமல் கேட்பவர் போல, "அக்காவுக்கு அழுதியா?" என்றார்.

"எங்க நேரம் இருந்துச்சு."

"அந்தத் தாளு எதுக்குன்னு நெனைக்க? சாமி பொணத்தப் பாக்கக் கூடாதுன்னுதான் எல்லாரும் சொல்லுதாங்க. எங்கப்பா வேற சொல்லுவாரு. அது வீட்டுக்காரங்களுக்கு லீவாம். அழுது முடியுத வரைக்கும் சாமிக்கு ஒரு வேலையும் செய்ய வேண்டாம்னு." அவர் தலையை ஆட்டினார். "என்னமோ. அவரு சொன்னது எல்லாம் சரியாயிருக்கணும்னு இல்ல. போ, மூணு மணி ஆகப் போகுது."

*

தோரி வாசலுக்குக் கதவு கிடையாது. இரண்டு தூண், மேலே குறுக்காக இரண்டு சட்டம், அவ்வளவுதான். ஆனாலும் மூணு மணிக்கு அதற்கு முன்னால் வந்து நின்றபோது கிகுயேவுக்கு அது பூட்டிக் கிடப்பது போலிருந்தது. மற்றவர்கள் குனிந்து உள்ளே போகத் தொடங்கியிருந்தார்கள். பனித்தூறல் விழுந்துகொண்டிருந்தது.

"என்ன, கால் எழும்பலையா?" என்று உள்ளேயிருந்து தகெனோ கேட்டாள்.

"நான் வரக் கூடாது. எங்க அக்கா எறந்துட்டா."

"எப்ப?"

இந்தக் கேள்விக்குத்தான் இத்தனை நாளும் பயந்திருந்தாள். தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி, தேதிகளை ஒன்றுவிடாமல் சொன்னாள். பிரியைப் பற்றிப் பூசாரி சொன்னதையும் சொன்னாள். ஐந்து நாள் நடந்ததையும் சொன்னாள்.

தகெனோ வெளியே வந்தாள். அறைவாள் என்று கிகுயே கண்ணை மூடிக்கொண்டாள். அறை விழவில்லை. கண்ணைத் திறந்தபோது தகெனோ அவளைப் பார்க்கவே இல்லை. பக்கத்தில் கிகுயே வீட்டுக் கூரையில் எழும்பும் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏளா," என்றாள் மெதுவாக. "அந்த அடுப்பு டீயத்தான நாம அஞ்சு நாளாக் குடிக்கோம்."

உள்ளே நின்றவர்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்த நொடி, தீப்பிடித்த வீட்டிலிருந்து வெளியேறுவது போல எல்லோரும் முண்டியடித்துத் தோரிக்கு வெளியே வந்தார்கள். எண்ணுகல்லின்மேல் யாரோ வைத்த வைக்கோல் முடிச்சுக் கட்டு சரிந்து கொட்டியது. எடுக்க ஆளில்லை.

"நாசமாப் போச்சு," என்று ஒருத்தி அழ ஆரம்பித்தாள். "நாம நடந்தது எல்லாம் எதிராப் போச்சு. மூடி ஏன் வந்துச்சுன்னு இப்பத் தெரியுது."

"அழாத! அழுதா அது ஒரு கெட்ட சகுனம்!" என்று அதட்டிய தகெனோவின் குரலே அழுகையாக இருந்தது. கிகுயேவிடம் திரும்பினாள். "ஒரு வார்த்த, ஒரே வார்த்த முன்னால சொன்னா என்னட்டி? நான் என்ன புலியா?"

"ஆமா," என்றாள் சத்தம் கேட்டு முழங்காலை இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்த தொயோ. "புலிதான். நானும்தான். நாம ரெண்டு பேரும் இருக்க ஊர்ல எவ வாயத் தொறப்பா?" கிகுயேவைப் பார்த்தாள். "பானைக்குள்ள அதத்தான் வச்சிருந்தியா?"

"ஆமா மதினி."

"பார்லிக்குள்ள. நல்ல எடம் பாத்த." கிகுயேவுக்குப் பக்கத்தில், தோளில் தோள் இடிக்கும்படி வந்து நின்றுகொண்டாள்.

அப்போது சாகி அழுதுகொண்டே, "நான் குடிக்கல," என்றாள்.

"என்ன குடிக்கல?"

"டீ. ஒரு நாளும் குடிக்கல. வாய்கிட்ட கொண்டு போனா கொமட்டிட்டு வருது. எல்லாத்தையும் பனியில ஊத்திட்டேன். கஞ்சியும் குடிக்கல. வேணும்னு செய்யல, சத்தியமா."

தகெனோ அவளை மேலும் கீழும் பார்த்தாள். வயிற்றில் ஒரு கணம் கண் நின்றது. "எத்தன நாளாக் கொமட்டுது?"

"ஒரு மாசமா."

"அடி கூறுகெட்டவளே. அது டீயினால இல்ல." தகெனோ மூக்கைச் சிந்தினாள். "ஊருக்கே நீ ஒருத்திதான் இப்பச் சுத்தம். உள்ள போ. நூறு வேண்டாம், உனக்குப் பத்துப் போதும். செருப்புப் போட்டுக்கோ. பதினோரு பேர் பேரையும் சொல்லிக் கும்பிடு. முடிச்சிட்டுப் போயிக் கிகுயே வீட்டு மாடத்துல இந்தத் தாள ஒட்டிரு."

கிகுயே தாளை நீட்டினாள். கைகள் படாமல் சாகி ஒரு முனையைப் பிடித்து வாங்கிக்கொண்டாள்.

சாகி ஒருத்தி மட்டும் உள்ளே நடந்தாள். மற்றவர்கள் வெளியே கடலோர மணலில் நின்றார்கள். உள்ளே இருந்தால் பைன் மரங்கள் கடலை மறைக்கும், காற்றையும் மறைக்கும். இங்கே இரண்டும் முகத்தில் அறைந்தன. கைகால் விறைக்கிறது, தீ மூட்டலாம் என்று ஒருத்தி சொன்னாள். யார் வீட்டிலிருந்தும் நெருப்பு எடுக்கக் கூடாது என்றாள் தகெனோ. உசுய் கடையிலிருந்து உடைக்காத தீப்பெட்டி வந்தது. உடைந்த மீன்பெட்டிகள், பழைய துடுப்பு, கிடைத்ததை எல்லாம் போட்டு ஆள் உயரத்துக்கு மூட்டினார்கள். இரைப்பெட்டி மூடியை மட்டும் தகெனோ போடவிடவில்லை. அதை நெஞ்சோடு கட்டிக்கொண்டு நின்றாள்.

கிகுயேவை யாரும் விரட்டவில்லை. அவளோடு யாரும் பேசவும் இல்லை. அவள் கடலையே பார்த்தாள். பனித்திரைக்கு அப்பால் ஒன்றுமில்லை. அவுக வராமல் போனால் இந்தப் பத்துப் பேர் முகத்திலும் இனி எப்படி விழிப்பது என்று நினைத்தாள். அவுக வராமல் போனால் யார் முகத்தில் விழித்து என்ன ஆகப்போகிறது என்றும் நினைத்தாள். இரண்டாவது நினைப்பு வந்ததும் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

சத்தத்தை முதலில் கேட்டது தொயோ. "சும்மா இருங்க! சும்மா இருங்கட்டி!"

டுப். டுப். டுப். இழுத்து இழுத்து, ஆஸ்துமாக்காரன் மாதிரி ஓர் இஞ்சின்.

"ஷின்கிச்சி!" என்று உசுய் பூசாரி கத்தினார். "அது எம்மவன் இஞ்சினு! ஒரு சிலிண்டரு அடிக்கல!"

பனித்திரை கிழிந்தது போல வடக்குக் கல்லுக்கு மிகப் பக்கத்தில் படகின் மூக்கு தெரிந்தது. பெண்கள் கத்தினார்கள். மூக்கு தீயைப் பார்த்துத் திரும்பியது. தகெனோ விரலை நீட்டி எண்ணினாள். எட்டு என்றாள். பத்து என்றாள். இன்னொருத்தன் உள்ளேயிருந்து தலையை நீட்டினான். பதினொன்று என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. மூடியை மணலில் போட்டுவிட்டு இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்கிவிட்டாள்.

ஏழாம் தேதி இரவே ஒரு தீவின் மறைவில் போய் ஒதுங்கியிருந்தார்கள். அந்தத் தீவின் தந்திக் கம்பி காற்றில் அறுந்துபோனது. ஆறு நாள் சீட்டாடினார்களாம். கணவாய் தின்று தின்று அலுத்துவிட்டதாம்.

"சீட்டாடுனீங்களா?" என்றாள் தொயோ. "இங்க அஞ்சு நாளா ஊரே கால் தேய நடக்குது. சீட்டாடுனீங்களா?"

"தீய எதுக்கு மூட்டுனீங்க?" என்று கேட்டார் படகுத் தலைவர். "பனியில கல்லு எங்க, கர எங்கன்னு தெரியல. தீயப் பாத்துத்தான் திருப்புனோம்."

புருஷனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போன தகெனோ, கிகுயேவைத் தாண்டும்போது நின்றாள். முகத்தைப் பார்க்காமல், "உன் பங்கு நூறு பாக்கி இருக்கு. தீட்டுக் கழிஞ்சதும் வந்து நட. நானும் வாரேன்," என்றாள்.

*

தோகுஜி முதலில் வீட்டுக்குள் போனான். கிகுயே வாசலில் அவன் நனைந்த பூட்ஸைக் குனிந்து கவிழ்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே சத்தம் இல்லை. நிமிர்ந்து பார்த்தாள். அவன் கட்டுப்போட்ட கையோடு சாமி மாடத்துக்கு முன்னால் அசையாமல் நின்றான். சாகி ஒட்டிவிட்டுப் போன தாள் கொஞ்சம் கோணலாக இருந்தது.

அவன் திரும்பியபோது முகத்தில் ரத்தமே இல்லை.

"எனக்கா?" என்றான். "நான் செத்துட்டேன்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

"உங்களுக்கு இல்ல."

"பின்ன யாருக்கு? எங்க அக்கா அங்க இருக்கா, நீ இருக்க. யாருக்கு கிகுயே?"

அவள் வாயைத் திறந்தாள். தகெனோவிடம் சொன்ன வார்த்தைதான், உசுயிடம் சொன்ன வார்த்தைதான். இப்போது வெளியே வரவில்லை.

தோகுஜி அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு அவளுக்குப் பின்னால், கூரைச் சரிவுக்குக் கீழே, கல் வைத்து மூடிய தொட்டியைப் பார்த்தான்.

"அந்தக் கானாங்கெளுத்தி இன்னும் போகலையா?" என்று மெதுவாகக் கேட்டான். "தமே அக்காவுக்குன்னு வச்சது?"

"அக்கா கேட்டா," என்றாள் கிகுயே. "கடல் மீனு கேட்டா. நான் அனுப்பல."

கையிலிருந்த பூட்ஸ் கீழே விழுந்தது. படகு போன மறுநாளிலிருந்து எதற்கெல்லாமோ நடுங்கிக்கொண்டிருந்த உடம்பு நடுக்கத்தை விட்டது. கடிதம் வந்து எட்டு நாள் கழித்து, கிகுயே தன் அக்காவுக்காக அழுதாள். தொயோ எழுந்து வந்து, மடங்காத முழங்காலை நீட்டியபடி அவளுக்குப் பக்கத்தில் வாசலிலேயே உட்கார்ந்தாள்.